எந்தக் கடனை முதலில் அடைப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடன் பற்றி வந்த கடிதங்களில் ஆறேழை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். எல்லாப் பதில்களிலும் வட்டியை ஊர் வழக்கிலேயே சொல்கிறோம். 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். பாங்க் வருடக் கணக்கில் பேசுகிறது, கார்டு கம்பெனி மாதக் கணக்கில் பேசுகிறது, தண்டல்காரர் நாள் கணக்கில் பேசுகிறார். மூன்றையும் ஒரே தராசில் நிறுத்தாதவரை எந்தக் கடன் நம்மைத் தின்கிறது என்பது தெரியாது.

கேள்வி: நானும் மனைவியும் பனியன் கம்பெனியில் மாதச் சம்பளத்தில் இருக்கிறோம். எனக்கு 26,000, அவளுக்கு 12,000. வாடகை 7,000. பர்சனல் லோன் பாக்கி 1,60,000, வட்டி 16 சதவீதம், தவணை 6,900. பைக் லோன் 86,000 வாங்கினோம், 10 சதவீத ஃப்ளாட் வட்டி, 36 மாதம், தவணை 3,106. இன்னும் 11 மாதம் இருக்கிறது. கிரெடிட் கார்டில் 78,000 நிற்கிறது. மாதம் 3.5 சதவீத வட்டி, மினிமம் 3,900 மட்டும் கட்டுகிறோம். பக்கத்து வீட்டு அண்ணனிடம் மூணு வட்டிக்கு 50,000. தண்டல் 20,000 (கைக்கு வந்தது 17,000), தினம் 200 வீதம் இன்னும் 60 நாள் கட்ட வேண்டும். ஐந்து பவுன் நகை பாங்கில் 1,20,000-க்கு 9 சதவீத வட்டியில் இருக்கிறது. அதற்கு இரண்டு மாதமாக வட்டி கட்டவில்லை. மாதக் கடைசியில் மளிகைக்கே கார்டைத் தேய்க்கிறோம். எதை முதலில் அடைப்பது?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கணக்கை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது. முதலில் எல்லாக் கடனையும் 'வட்டி'க்கு மாற்றிவிடுவோம்.

நகைக்கடன் முக்கால் வட்டி, அதாவது 75 பைசா. பர்சனல் லோன் 1 ரூபாய் 33 பைசா. பைக் லோனை 10 சதவீதம் என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஃப்ளாட் வட்டி என்றால், நீங்கள் அசலில் பாதியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் முழு அசலுக்கும் வட்டி போடுவது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது வருடத்துக்கு 18 சதவீதம், அதாவது ஒன்றரை வட்டி. பக்கத்து வீட்டுக் கடன் மூணு வட்டி. கார்டுக்கு 3.5 சதவீதமும் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 4 ரூபாய் 13 பைசா. தண்டலில் 17,000 வாங்கி 100 நாளில் 20,000 கட்டுகிறீர்கள். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் உண்மையில் அது ஏறக்குறைய பத்து வட்டி.

கார்டு பில்லைக் கிட்டத்தில் பாருங்கள். 3,900 கட்டுகிறீர்கள். அதில் 3,221 வட்டிக்கும் வரிக்கும் போய்விடுகிறது. அசலில் குறைவது 679 ரூபாய்தான். அடுத்த வாரமே 2,000 ரூபாய்க்கு மளிகை தேய்த்தால் அசல் ஏறுகிறது. அதோடு, பழைய பாக்கி நிற்கும் கார்டில் புதிதாகத் தேய்க்கும் பணத்துக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. அந்த மளிகைக்கு வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

இப்போது வாடகை, தவணைகள், மினிமம், கைக்கடன் வட்டி, தண்டல் எல்லாம் சேர்த்து மாதம் 28,406 போகிறது. மிச்சம் 9,594. இதில் குடும்பம் நடக்காது, அதனால்தான் துண்டு விழுகிறது. உங்கள் செலவில் கட்டுப்பாடு இல்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இங்கே நோய் வட்டியில் இருக்கிறது.

மருந்து உங்கள் நகையிலேயே இருக்கிறது. ஐந்து பவுனுக்கு 1,20,000 என்பது இன்றைய தங்க விலைக்குக் குறைவான கடன். ரிசர்வ் வங்கி 2025-ல் கொண்டுவந்த நகைக்கடன் விதிகளின்படி, 2026 ஏப்ரல் 1 முதல் 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். 2.5 லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம். அதனால் மொத்தக் கடனை 2,48,000-ல் நிறுத்துங்கள். பழைய 1,20,000 போக உங்களுக்குக் கிடைக்கும் 1,28,000-ல் கார்டின் 78,000-ஐயும் அண்ணனின் 50,000-ஐயும் ஒரே நாளில் அடைத்துவிடலாம்.

போவதற்கு முன் சில விஷயங்கள். பாங்க் மதிப்பீட்டாளர் கல், அரக்கு, நூல் எல்லாவற்றையும் கழித்துத் தங்க எடையை மட்டும் எடுப்பார். செய்கூலி, சேதாரம் எதுவும் மதிப்பில் வராது. அசலையும் வட்டியையும் வருடக் கடைசியில் ஒரே தடவையாகக் கட்டும் முறையில் எடுத்தால், கடைசியில் சேரும் வட்டியையும் கூட்டித்தான் அந்த 85 சதவீதத்தைப் பார்ப்பார்கள். ஏற்கெனவே ஏறிய வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்க முடியும். உங்களுக்கு அது 1,800 வரும். மதிப்பீட்டுக் கட்டணமும் உண்டு. கையில் நாலாயிரம் ரூபாய் வைத்துக்கொண்டு போங்கள்.

ஒரு கடனை வாங்கி இன்னொன்றை அடைப்பது சரியா என்று தோன்றும். நாலு வட்டியை முக்கால் வட்டிக்கு மாற்றுவது சரி, கார்டை அன்றே மூடினால் மட்டும். இந்த வழி தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான்: கார்டு 'அவசரத்துக்கு' என்று பீரோவில் இருக்கும், ஆறு மாதத்தில் மறுபடி 78,000 ஏறியிருக்கும், நகைக்கடனும் இருக்கும். பணம் கைக்கு வந்த அன்றே கார்டு வாடிக்கையாளர் சேவையை அழைத்து 'இன்றைக்கு மூட எவ்வளவு' என்று கேளுங்கள். ஸ்டேட்மென்ட் தொகையைக் கட்டினால் போதாது. ஸ்டேட்மென்ட் தேதிக்குப் பிறகு ஓடிய வட்டி அடுத்த மாதம் சிறு பில்லாக வந்து நிற்கும், கவனிக்காமல் விட்டால் அதற்கும் அபராதம் சேரும். கார்டில் மாதாமாதம் தானாகப் போகும் சந்தாக்களை நிறுத்திவிட்டு, மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022 முதல் விதி.

தண்டலுக்குத்தானே வட்டி அதிகம், அதை ஏன் முதலில் அடைக்கச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வட்டி 3,000-ஐ முதல் நாளே பிடித்துவிட்டார்கள். இன்றைக்கே 12,000-ஐக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒரு ரூபாய் குறையாது. கழிவு தருவதாக அவர் சொன்னால் மட்டும் யோசியுங்கள். தண்டலில் ஆபத்து எழுபதாவது நாளில் வருகிறது. '6,000தானே பாக்கி, அதைக் கழித்துக்கொண்டு புதுசா இருபது போட்டுக்கோங்க' என்பார். புது வட்டி 3,000, பழைய பாக்கி 6,000 போகக் கைக்கு வருவது 11,000. நீங்கள் கட்ட வேண்டியதோ மறுபடி முழு 20,000. தண்டல் தீராமல் வருடக்கணக்கில் ஓடுவது இப்படித்தான். அறுபது நாளைக் கட்டி முடியுங்கள், புதுப்பிக்காதீர்கள்.

பர்சனல் லோனையும் பைக்கையும் தொட வேண்டாம். முன்கூட்டி முடித்தால் கட்டணம் இருக்கலாம், வட்டியும் ஒன்று, ஒன்றரைதான். அவை தம் போக்கில் முடியட்டும்.

புதுக் கணக்கு: வாடகை, இரண்டு தவணைகள், தண்டல், நகைக்கடன் வட்டி 1,860 சேர்த்து மாதம் 24,866. வீட்டுக்கு 13,134 மிஞ்சும். இரண்டு மாதம் கழித்துத் தண்டலின் 6,000 விடுபடும். அதைக் கையில் வைத்திருக்காமல், சம்பளம் வந்த மறுநாளே நகைக்கடன் அசலில் கட்டுங்கள். பகுதி பகுதியாகக் கட்டுவதை பாங்க் ஏற்கும், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பைக் முடிந்ததும் 3,106-ஐ அதோடு சேருங்கள். அசல் குறையக் குறைய வட்டியில் மிஞ்சுவதையும் அதிலேயே போடுங்கள். பர்சனல் லோன் 28-வது மாதம் முடியும்போது நகைக்கடனில் இருபதாயிரம் சொச்சம்தான் நிற்கும். ஏறத்தாழ முப்பது மாதத்தில் நகை வீட்டில் இருக்கும். நடுவில் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும் தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், அதை மறந்தால்தான் ஏல நோட்டீஸ் வருகிறது. முழுக் கடனும் முடிந்த பிறகு பாங்க் 7 வேலை நாட்களுக்கு மேல் நகையைத் தராமல் இழுத்தால், நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதும் அந்த 2025 விதிகளில் உண்டு.

கேள்வி: ஃப்ரிட்ஜ் 32,000 ரூபாய், ஆறு மாத நோ காஸ்ட் ஈ.எம்.ஐ. வட்டியே இல்லை என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'மொத்தமாகப் பணம் கொடுத்தால் எவ்வளவுக்குத் தருவீர்கள்?' 30,500 என்றால், அந்த 1,500தான் வட்டி. ஆறு தவணைக்குக் கணக்குப் போட்டால் 1 ரூபாய் 40 பைசா வட்டி வருகிறது. கார்டில் எடுத்தால் வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி.யும், பிராசசிங் கட்டணமும் தனி. பழைய ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தால் அந்த 5,333 தவணையை ஆறு மாதம் உங்கள் கணக்கிலேயே போட்டுவந்து ரொக்கமாக வாங்குங்கள். ஓடவில்லை என்றால் வாங்குங்கள், ஆனால் விலை தெரிந்து வாங்குங்கள்.

கேள்வி: ஆப் ஒன்றில் 5,000 கடன் கேட்டேன். 3,200தான் வந்தது. ஏழாவது நாள் 5,000 கேட்டார்கள். கட்ட முடியவில்லை. இப்போது 9,000 கேட்கிறார்கள். என் போனிலிருந்த எண்களுக்கெல்லாம் மெசேஜ் போகிறது, போட்டோவை மாற்றிப் போடுவேன் என்று மிரட்டுகிறார்கள். வேறு ஆப்பில் வாங்கி இதை அடைத்துவிடலாமா?
– மாணவி, சேலம்

பதில்: வேறு ஆப் வேண்டவே வேண்டாம்மா. இந்த ஆப் வாரத்துக்கே நூற்றுக்கு 56 ரூபாய் வாங்கியிருக்கிறது. அடுத்ததும் அப்படித்தான் இருக்கும். ஒன்றை அடைக்க இன்னொன்று என்று போய் ஐந்தாறு ஆப்பில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இன்று செய்ய வேண்டியது இது. வந்த மெசேஜ், அழைத்த எண்கள், பணம் அனுப்பச் சொன்ன யு.பி.ஐ. ஐ.டி., ஆப்பில் காட்டும் கடன் விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆப்பை அழித்த பிறகு இவை கிடைக்காது. பிறகு போன் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கான தொடர்புகள், படங்கள், எஸ்.எம்.எஸ். அனுமதிகளை நீக்கிவிட்டு ஆப்பை அழியுங்கள். ஏற்கெனவே எடுத்த எண்கள் அவர்களிடம் இருக்கும், அதனால் வீட்டாருக்கும் நெருங்கியவர்களுக்கும் நீங்களே முந்திக்கொண்டு ஒரு வரி அனுப்புங்கள்: 'மோசடிக் கடன் ஆப் என் பெயரில் மெசேஜ் அனுப்புகிறது, நம்ப வேண்டாம், பணம் கொடுக்க வேண்டாம்.' அம்மா அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்ற பயம்தான் அவர்களுடைய ஆயுதம். அந்த ஒரு வரி அனுப்பியதும் அது மழுங்கிவிடும். அடுத்து 1930-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுக்கலாம். படத்தை மாற்றிப் போடுவது தனிக் குற்றம், அதைப் புகாரில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

முறையான டிஜிட்டல் கடன் என்றால் பணம் கடன் தரும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும், திருப்பிக் கட்டுவதும் அந்த நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும். வருட வட்டி உட்பட எல்லாச் செலவும் எழுதிய விவரத்தாள் முன்கூட்டியே தர வேண்டும். குறைந்தது ஒரு நாள், அபராதமின்றி அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கொடுத்து விலகிக்கொள்ள வாய்ப்பு இருக்க வேண்டும். போனிலுள்ள தொடர்புகளையும் படங்களையும் ஆப் தொடவே கூடாது. பதிவு பெற்ற நிறுவனங்கள் தங்களுடையது என்று தெரிவித்த ஆப்களின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் ஆப் அதில் இருந்தால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. எந்த நிலையிலும் தனிநபர் யு.பி.ஐ. ஐ.டி.க்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிய பணம் எந்தக் கணக்கிலும் வரவாகாது, 'இன்னும் வரலை' என்று மறுபடி கேட்பார்கள்.

கேள்வி: பள்ளி ஆசிரியை. சம்பளம் 32,000. மூன்று வருடமாகக் கணக்கு நோட்டு எழுதுகிறேன், டீச்செலவு வரை. ஆனாலும் வருடத்துக்கு இரண்டு தடவை கைமாற்று வாங்காமல் முடியவில்லை. எங்கே தப்பு?
– வாசகி, விருதுநகர்

பதில்: அந்த இரண்டு தடவை எது என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஜூன், அக்டோபர் என்று வந்தால் பள்ளிக் கட்டணமும் தீபாவளியும்தான். மாதக் கணக்கு எழுதுகிறவர்களைக் கை கடிப்பது மாதச் செலவு அல்ல, வருடச் செலவு. அது எதிர்பாராத செலவும் அல்ல, தேதி தெரிந்த செலவு.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதுங்கள். தொகைகளை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மின்கட்டணம் ஆறு தடவை 1,400 வீதம் 8,400. பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை 24,000. தீபாவளி 15,000. பொங்கல், குலதெய்வம் கோவில் 7,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 5,000. மொய் 9,600. மருத்துவம் 6,000. மொத்தம் 75,000. பன்னிரண்டால் வகுத்தால் 6,250. சம்பளம் வந்த அன்றே இந்த 6,250 வேறு கணக்குக்குப் போக வேண்டும், ஏ.டி.எம். கார்டும் யு.பி.ஐ.யும் இல்லாத கணக்காக இருந்தால் நல்லது. அப்படியானால் உங்கள் உண்மையான சம்பளம் 25,750. மூன்று வருடமாக 32,000 என்று நினைத்துச் செலவு செய்ததுதான் தப்பு.

மொய்யைச் செலவு என்று மட்டும் எழுதாதீர்கள். மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டு விசேஷத்தில் யார் எவ்வளவு செய்தார்கள், அவர்கள் வீட்டில் அடுத்து எப்போது விசேஷம் வரும் என்று பென்சிலில் குறியுங்கள். அது திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை, கடன் பட்டியலில் சேர வேண்டியது. வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் குவியும்போது இந்தக் குறிப்பு உங்களைக் காப்பாற்றும்.

அன்றாடச் செலவுக்கு ஒவ்வொரு ரூபாயையும் எழுதுவதை நிறுத்திவிடலாம். எழுதியதால் குறையவில்லையே! பதிலாக, சின்னதாக ஒரு இரண்டாம் கணக்கு வைத்து, போனில் யு.பி.ஐ.யை அந்தக் கணக்கோடு மட்டும் இணையுங்கள். சம்பளக் கணக்கை யு.பி.ஐ. ஆப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். காய்கறி, பால், பஸ், டீ, சிற்றுண்டிக்கென்று ஞாயிறுதோறும் வாரத் தொகையை அதற்கு மாற்றுங்கள். வியாழக்கிழமை 180 ரூபாய்தான் இருக்கிறது என்று திரையில் தெரியும்போது கை தானாக நிற்கும். ரொக்கத்தில் பர்ஸ் செய்த வேலை அது. முதல் இரண்டு வாரம் தொகை போதாமல் போகும், அது சகஜம். மூன்றாவது வாரத்தில் சரியான அளவு தெரிந்துவிடும். தொகையைக் கூட்டலாம், ஆனால் வாரத்தின் நடுவில் கூட்டாதீர்கள், அடுத்த ஞாயிறுதான். அதே ஆப்பில் 'ஆட்டோபே' என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். இலவச மாதத்துக்கென்று எப்போதோ ஒப்புக்கொண்ட சந்தா இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

மின்கட்டணத்தில் ஒன்று. இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, 101-வது யூனிட்டிலிருந்தே விகிதம் மாறிவிடும். 505 யூனிட் பில்லுக்கும் 495 யூனிட் பில்லுக்கும் நூற்றுக்கணக்கான ரூபாய் வித்தியாசம் வருவது அதனால்தான். முந்தைய ரீடிங் எடுத்த நாற்பத்தைந்தாவது நாள் மீட்டரைப் பார்த்து, 370-ஐத் தாண்டியிருந்தால் கடைசிப் பதினைந்து நாள் ஹீட்டரையும் ஏ.சி.யையும் குறையுங்கள்.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கியூ என்று விட்டுவிடாதீர்கள். பெரிய பாக்கெட்தான் எப்போதும் லாபம் என்றும் இல்லை, ஷாம்பூ பல பிராண்டுகளில் சாஷேதான் மலிவு. மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: வேலை போனதால் பர்சனல் லோன் 14 மாதமாகக் கட்டவில்லை. பாக்கி 2,10,000. வசூல் முகவர் '85,000 கட்டினால் செட்டில்மென்ட்' என்கிறார், இல்லாவிட்டால் போலீஸ் வரும் என்கிறார். கட்டலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போலீஸ் என்பது மிரட்டல். கடன் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, அது சிவில் விவகாரம். ஆனால் நீங்கள் கொடுத்த செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவும், கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினால் 2007-ஆம் ஆண்டு பணப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 25-வது பிரிவும் பாயலாம். அதனால் வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். 138 நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு எழாது. வசூல் அழைப்புகள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பிறகோ வரக்கூடாது.

செட்டில்மென்ட் பற்றி எங்கள் கருத்து: இப்போது வேலை கிடைத்திருந்தால், முழு அசலையும் தவணையாகக் கட்ட பாங்கிடம் முதலில் கேளுங்கள். அபராத வட்டியைத் தள்ளுபடி செய்வதற்குப் பேரம் பேசலாம். முழுதும் கட்டினால் சிபிலில் (நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம்) 'க்ளோஸ்டு' என்று வரும். குறைத்து முடித்தால் 'செட்டில்டு' என்று பதியும், பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது அது வழி மறிக்கும். முடியவே முடியாதென்றால் செட்டில்மென்ட் எடுத்துக்கொள்வதில் அவமானம் எதுவும் இல்லை.

எடுத்தால் இப்படி எடுங்கள். முகவர் வாய்மொழிக்குப் பணம் கொடுக்கக் கூடாது. கடன் எண், 85,000 தொகை, கடைசித் தேதி, இதைக் கட்டினால் மேற்கொண்டு பாக்கி இல்லை என்ற வாசகம், இந்த நான்கும் உள்ள கடிதம் பாங்கின் மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். பணம் உங்கள் கடன் கணக்குக்கே போக வேண்டும். முகவர் கையில் ரொக்கம், அவர் யு.பி.ஐ. எண் இரண்டும் கூடாது. தேதி ஒரு நாள் தவறினாலும் சலுகை ரத்தாகிக் கட்டியது பழைய பாக்கியில் வரவாகிவிடும், ஆகவே பணத்தைத் திரட்டிய பிறகே கடிதத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள். கட்டியபின் 'பாக்கி இல்லை' சான்று வாங்கி, இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். தப்பாக இருந்தால் புகார் பதியுங்கள். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் அதற்குமேல் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு.

கேள்வி: மகளிர் குழு மூலம் மூன்று கம்பெனியில் கடன். மூன்றுக்கும் மாதம் 10,400 ஆகிறது. குடும்ப வருமானம் 18,000. நாலாவது கம்பெனிக்காரர் கூப்பிட்டுத் தருகிறார். வாங்கி ஒன்றை அடைக்கலாமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: வேண்டாம்க்கா. ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிப்படி, வருடம் 3 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக்கூடாது. உங்களுக்கு அந்தப் பாதி 9,000. ஏற்கெனவே தாண்டியாயிற்று. நாலாவது ஆள் கூப்பிட்டுத் தருகிறார் என்றால், விண்ணப்பத்தில் உங்கள் வருமானத்தைக் கூட்டி எழுதித்தான் தர முடியும். அந்தத் தாளில் கையெழுத்து போடாதீர்கள்.

மூன்றில் எது சீக்கிரம் முடியும் என்று கடன் அட்டைகளைப் பரப்பி வைத்துப் பாருங்கள். கொஞ்சம் கூடுதல் பணம் வந்தால் கடைசித் தவணைகள் குறைவாக இருப்பதை முடித்துவிடுங்கள். இங்கே மட்டும் வட்டி வரிசையைவிட அதுதான் உதவும், ஏனென்றால் மூன்றுக்கும் வட்டியில் பெரிய வித்தியாசம் இருக்காது, உங்களுக்கு இப்போது தேவை மாதாமாதம் மூச்சுவிட இடம். முன்கூட்டி முடித்தால் இந்தக் கடன்களுக்கு அபராதம் கிடையாது. ஒரு தவணை தவறும் என்று தெரிந்தால் தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய்த் தவணையைக் குறைத்து நாளை நீட்டிக் கேளுங்கள். தாமதக் கட்டணத்தைத் தவறிய தொகைக்கு மட்டும்தான் போட வேண்டும், மொத்தக் கடனுக்கும் அல்ல. காலை 9-க்கு முன்பும் மாலை 6-க்குப் பிறகும் அழைக்கக் கூடாது. பேசி வைத்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு தடவை வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வரலாம்.

இன்னொன்று. கடன் தரும்போது இன்சூரன்ஸுக்கென்று ஒரு தொகை பிடித்திருப்பார்கள். அதில் கணவர் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். சேர்ந்திருந்து, அவருக்கு ஏதாவது ஆனால் அந்தக் கடன் பாக்கிக்கு இன்சூரன்ஸ் கேட்கலாம். இது தெரியாமல் துக்க வீட்டில் தவணை கட்டும் குடும்பங்கள் உண்டு.

கேள்வி: 30,000 வட்டிக்கு வாங்கியபோது எழுதாத புரோ நோட்டிலும் வெற்று செக்கிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பணம் எல்லாம் ரொக்கமாகக் கட்டி முடித்துவிட்டேன். நோட்டைக் கேட்டால் 'தேடித் தர்றேன்' என்கிறார்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தேடித் தரும்வரை காத்திருக்க வேண்டாம். கட்டிய தேதியும் தொகையும் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஏ.டி.எம்.மில் பணம் எடுத்த பாஸ்புக் பதிவு, அவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப், கூட இருந்தவர் பெயர் என்று எது ஒத்துப்போகிறதோ அதைப் பக்கத்தில் குறியுங்கள். 'முழுவதும் கட்டிவிட்டேன், நோட்டையும் செக்கையும் தாருங்கள்' என்று வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு மெசேஜ் போடுங்கள். அவர் 'தர்றேன்' என்று பதில் போட்டாலே அது உங்களுக்குச் சாட்சி. பதில் வராவிட்டால் டெலிவரி சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அதையே செக் எண்ணோடு அனுப்பிவிட்டு, பாங்கில் அந்த செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அதன் பிறகும் அவர் செக்கைப் போட்டு நோட்டீஸ் அனுப்பினால் 15 நாளுக்குள் பதில் அனுப்பியே ஆக வேண்டும். நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில், தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள்.

மிரட்டல், வீட்டு வாசலில் வந்து நிற்பது என்று போனால் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மூன்று வருடம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கி வையுங்கள்.

இனி யாரிடமாவது புரோ நோட்டு எழுதினால் தொகையை எண்ணிலும் எழுத்திலும், தேதி, வட்டி எல்லாம் நிரப்பிய பிறகே ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து. கட்டும் ஒவ்வொரு முறையும் நோட்டின் பின்புறம் தேதி, தொகை போட்டு வரவு வைக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.